வீட்டுக்குள் பீடிப் புகை: பிள்ளையின் கரப்பானுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் ஆரம்பித்த கரப்பான், இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் நிற்கிறது. மார்கழி, தை வந்தால் தோல் வறண்டு வெடித்துவிடும். ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்துகொள்வான். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டு. களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

போன வாரம் தோல் டாக்டரிடம் காட்டினோம். மருந்து எழுதிக்கொண்டே, "வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "மாமனார் பீடி குடிப்பார், ஆனால் திண்ணையில்தான்" என்றேன். சீட்டின் அடியில் "புகை கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

எங்கள் வீடு சின்னது. திண்ணை, கூடம், ஒரு அறை, அடுப்படி, அவ்வளவுதான். மாமா திண்ணையில் உட்கார்ந்து குடிக்கும்போது வாசல் கதவு திறந்தே இருக்கும். மழை பெய்தால் கூடத்து ஜன்னலோரம் வந்துவிடுவார். பேரன் எந்நேரமும் அவர் மடியில்தான். என் கணவர் வீட்டில் குடிக்க மாட்டார், கடைப்பக்கம் டீக்கடையில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு வருவார்.

புகையால் நெஞ்சு கெடும் என்பது தெரியும். தோல் வரைக்கும் போகுமா? ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டால் போதாதா? இன்னொன்று, எனக்கு 31 வயது. முகம் களையே இல்லாமல் கறுத்துப் போயிருக்கிறது. அதுவும் இதனால்தானா?

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? அத்தை போன பிறகு அவருக்குத் துணை பேரனும் பீடியும்தான். நான் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்குச் சோறு ஊட்டித் தூங்க வைப்பவர் அவர். அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டும்.


காவிரிக்கரை எழுதியது:

கொசுவத்திச் சுருளையும் பாருங்கள் சகோதரி. எங்கள் அண்ணன் மகளுக்கு இதே கரப்பான். பீடி, சிகரெட் யாருக்கும் கிடையாது, ஆனால் ராத்திரி முழுக்கக் கதவைச் சாத்திச் சுருள் கொளுத்துவார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியே வரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-ல் அளந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது கொசுவலை கட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு இருமலும் குறைந்தது, சொறிவதும் குறைந்தது.


வார்டு அக்கா எழுதியது:

மல்லிகை, நான் ஓய்வு பெற்ற செவிலியர். அரசு மருத்துவமனையில் வேலை, கடைசிப் பல வருஷம் தோல் நோய்ப் பிரிவில். உங்கள் டாக்டர் கேட்டது சரியான கேள்வி. நின்று விளக்க அவருக்கு நேரமில்லை, அதனால் நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையின் கரப்பான் மாமாவின் பீடியால் "வந்தது" என்று யாராலும் சொல்ல முடியாது. கரப்பான் உள்ள குழந்தைகளின் தோல், பிறவியிலேயே ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாத தோல். ஒவ்வாமை உள்ள குடும்பங்களில்தான் இது அதிகம்; உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ யாருக்காவது இழுப்பு, அடுக்குத் தும்மல் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். ஆனால் புகை உள்ள வீட்டுக் குழந்தைகளிடம் இந்தக் கரப்பான் அதிகமாகக் காணப்படுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலுக்குப் புகை எரிச்சலூட்டும் பொருள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் புகையையும் நிறுத்த வேண்டும், களிம்பையும் டாக்டர் சொன்ன கணக்கில் போட வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்.

தோலுக்குப் புகை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று வெளியிலிருந்து. பீடி நுனியில் எரிந்துகொண்டே இருக்கிறதே, வாய்க்குள் போகாத அந்தப் புகைதான் பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதில் பெரும்பங்கு. அது காற்றோடு போய்விடுவதில்லை. சுவரில், பாயில், தலையணையில், மாமாவின் துண்டில், பிள்ளையின் கையில் படிகிறது. படிந்த நிக்கோட்டின் அங்கே சும்மா கிடப்பதும் இல்லை. அறைக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் காட்டினார்கள். கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் அந்த அமிலமும் கூடுதலாக இருக்கும்.

2022-ல் கலிபோர்னியாவில் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். புகைப்பழக்கமே இல்லாத 10 பேருக்கு, சிகரெட் புகை ஏறிய உடுப்பை 3 மணி நேரம் உடுத்தக் கொடுத்தார்கள். வியர்க்க வேண்டும் என்று இடையிடையே நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். யாரும் அங்கே புகைக்கவில்லை, உடுப்பு மட்டும்தான். பிறகு ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தால், செல்லின் கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் அரிக்கப்பட்டதற்கான அடையாளங்கள் கூடியிருந்தன. தொடுதோல் அழற்சி, சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களோடு சம்பந்தப்பட்ட அடையாளங்களும் அதில் இருந்தன. பேரன் எந்நேரமும் தாத்தா மடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரை வெயிலில் அவர் சட்டையும் துண்டும் வியர்வையோடு பிள்ளையின் முழங்கை மடிப்பில்தான் உரசும். டாக்டர் "புகை கூடாது" என்றது திண்ணைப் புகையை மட்டும் அல்ல.

இரண்டாவது வழி உள்ளிருந்து. இது பெரும்பாலும் குடிப்பவருக்கு நடப்பது. மூச்சில் போன நிக்கோட்டின், தோலின் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, தோலுக்கு வருகிற ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்தில் வருகிற ஆக்சிஜனும் குறைவு. ஒரு சிகரெட் முடித்து அரை மணி, முக்கால் மணி வரை தோலடித் திசுவில் ஆக்சிஜன் இறங்கியே இருக்கும் என்று அளந்திருக்கிறார்கள். மணிக்கு ஒன்று குடிக்கிறவருக்கு விடிந்ததிலிருந்து படுக்கும் வரை இதே நிலைதான்.

அதோடு, தோலை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இருக்கிறதே, அதை வெட்டும் நொதி புகைப்பவர்களிடம் கூடுதலாகச் சுரக்கிறது. 2001-ல் ஜெர்மனியில் இதைச் சோதித்தவர்கள் தோலை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பிட்டத்திலிருந்து. சுருக்கத்துக்கு வெயில்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வெயிலே படாத இடமாகப் பார்த்து எடுத்தார்கள். அங்கேயும் புகைப்பவர்களுக்கு அந்த நொதி அதிகம். அடுத்த வருஷம் பின்லாந்தில் அளந்தபோது, புகைப்பவர்களின் தோலில் இரண்டு வகைக் கொலாஜன் உற்பத்தி 18 சதவீதமும் 22 சதவீதமும் குறைந்திருந்தது. வெட்டுவது அதிகம், கட்டுவது குறைவு. நாற்பது வயது பீடிக்காரர் ஐம்பத்தைந்து போலத் தெரிவது இதனால்தான்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டுவின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். வருஷா வருஷம் இரட்டையர்கள் கூடும் திருவிழா அங்கே நடக்கிறது. அங்கே வந்த 79 ஜோடி ஒரே கரு இரட்டையர்களைப் படம் எடுத்து ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். ஒருவர் புகைப்பவர், மற்றவர் இல்லை. சில ஜோடிகளில் இருவருமே புகைப்பவர்கள், ஆனால் ஒருவர் குறைந்தது 5 வருஷம் கூடுதலாகப் பிடித்தவர். யார் யார் என்று தெரியாத நடுவர்களிடம் படத்தைக் கொடுத்தால், கண்ணுக்குக் கீழே பை, மேலுதட்டில் கோடு, தொங்கிய கன்னம் எல்லாம் அதிகம் புகைத்தவரிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே வயிற்றில் ஒரே கருவில் பிறந்தவர்கள் என்பதால் பரம்பரை மேல் பழி போட வழியில்லை.

உங்கள் முகத்துக்கு வருகிறேன். நீங்கள் குடிப்பவர் அல்ல. 31 வயதில் முகம் களை இழந்தால் நான் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வேன், தைராய்டு பார்க்கச் சொல்வேன், ராத்திரி பிள்ளை சொறியும்போது நீங்கள் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பேருந்துக்கு நிற்கும் வெயிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் பீடி மேல் போட வேண்டாம். பியூட்டி பார்லரில் ஃபேஷியலுக்குக் கொடுக்கிற காசை ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கடையில் யாரோ சொன்னார்கள் என்று வெள்ளையாக்கும் கிரீம் எதையும் பூசிவிடாதீர்கள், அவற்றில் ஸ்டீராய்டு கலந்ததைப் போட்டு முகம் புண்ணாகி வந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் நான்.

ஜன்னலும் ஃபேனும் போதாது. பிறர் புகையில் "இந்த அளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவே கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-லேயே அறிக்கை கொடுத்துவிட்டார். ஃபேன் புகையைக் கலக்கிவிடும், வெளியேற்றாது. இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் தங்கள் வீட்டுக்குள்ளேயே புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள்.

பீடி சின்னதுதானே, இலையில் சுற்றியதுதானே என்று மாமா சொல்லக்கூடும். அதில் இருக்கும் தூள் கால் கிராம்கூட இல்லைதான். ஆனால் அந்த இலை காற்றை விடாது. அணைந்து போகாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அப்படி இழுப்பதால் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டை விடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

பிள்ளைக்குச் செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் டாக்டர் கொடுத்த ஈரப்பத கிரீமை உடம்பு முழுக்கப் பூசுங்கள். செக்குத் தேங்காய் எண்ணெய் கைவசம் இருந்தால் அதையும் பூசலாம், பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம். பாய், தலையணை உறை, மாமாவின் துண்டு எல்லாவற்றையும் அலசி வெயிலில் போடுங்கள்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதை யோசித்து எழுதுகிறேன். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.


செங்கல்சூளை எழுதியது:

நான் கட்டட வேலை மேஸ்திரி. பீடியும் குடித்தேன், சிகரெட்டும் குடித்தேன், இப்போது விட்டாயிற்று. அக்கா சொன்ன முகச் சுருக்கம் நம் நிறத்துக்குச் சீக்கிரம் தெரியாது. நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது உதடும் ஈறும். ஈறில் திட்டுத் திட்டாகக் கறுப்பு விழும். பல் டாக்டர் கண்ணாடி வைத்துக் காட்டியபோதுதான் நானே பார்த்தேன். விட்ட பிறகு மெதுவாக மங்கியது, வருஷக் கணக்கில் ஆனது.

விரல் நகத்தைச் சொல்ல வேண்டும். பீடி பிடிக்கிற இரண்டு விரலிலும் நகம் மஞ்சள் ஏறிப் பழுப்பாக இருந்தது. விட்ட பிறகு அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து வந்தது. மேலே பழுப்பு, கீழே இளஞ்சிவப்பு, நடுவில் கோடு கிழித்த மாதிரி. நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அந்தக் கோடு மேலே மேலே ஏறி, அரை வருஷத்தில் பழுப்பு முழுக்க வெட்டுப்பட்டுப் போனது. ஆசை வரும்போதெல்லாம் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். எந்த அறிவுரையும் எனக்கு அந்த அளவு உதவவில்லை. உங்கள் மாமா விட்டால் இதை அவருக்குச் சொல்லுங்கள், தினமும் பார்க்க ஒரு சாட்சி கையிலேயே இருக்கும்.

பீடி, சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் 1800-11-2356, பழக்கத்தை விட உதவும் இலவச எண்தான். தமிழிலும் பேசுகிறார்கள். எந்தத் தேதியில் விடுவது, முதல் வாரம் எப்படிக் கடப்பது என்று பொறுமையாகப் பேசினார்கள். அவர்களாகவே திரும்பவும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை ராத்திரி கணவரிடம் வாசித்துக் காட்டினேன். சட்டை, துண்டு விஷயம் கேட்டதும் அவர் பேசவே இல்லை. கொசுவத்தியையும் நிறுத்திவிட்டோம்.

மாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். வயது 68. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதிலிருந்தே பீடி. கொஞ்சம் சுகர் இருக்கிறது, மாத்திரை போடுகிறார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் யாரோ மிதித்துக் கால் பெருவிரலில் காயம் பட்டது. அது இன்னும் ஆறவில்லை. மஞ்சள் வைத்துத் துணி கட்டிக்கொள்கிறார், வலி இல்லை என்கிறார். முன்பெல்லாம் கோயில் வரைக்கும் நடந்தே போய் வருவார். இப்போது பாதியில் கெண்டைக்கால் இழுக்கிறது என்று உட்கார்ந்து, சரியானதும் நடக்கிறார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். இதற்கும் பீடிக்கும் சம்பந்தம் இருக்குமா?


வார்டு அக்கா எழுதியது:

மல்லிகை, கரப்பானும் முகமும் அப்புறம் பார்க்கலாம். முதலில் மாமாவின் காலைக் காட்டுங்கள். இந்த வாரமே.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்து, உட்கார்ந்தால் சரியாகிறது என்பது வயசு இல்லை அம்மா. காலுக்குப் போகும் தமனி அடைத்துக்கொண்டு வருவதன் அடையாளமாக இருக்கலாம். சுகரும் பீடியும் சேர்ந்த உடம்பில் இதை நிறையப் பார்த்திருக்கிறோம். சித்திரையில் பட்ட சின்னக் காயம் இத்தனை மாசம் ஆறாமல் இருக்கிறது என்றால், ஆற்றுவதற்கு வேண்டிய ரத்தம் அந்த விரலுக்குப் போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வலி இல்லை என்பதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். சுகரில் நரம்பு மரத்துப்போனாலும் வலி தெரியாது.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ஓ.பி.யில் காட்டுங்கள். பாதத்திலும் கணுக்காலிலும் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. தேவைப்பட்டால் ரத்தநாளப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அதுவரை மஞ்சள் வேண்டாம், சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோய் வந்தவர்கள் எத்தனையோ பேர். சுத்தமான துணியால் மூடி வையுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

புண் ஆறுவதற்கும் புகைக்கும் உள்ள சம்பந்தத்தை டென்மார்க்கில் நேரடியாகவே பார்த்தார்கள். தாங்களாக முன்வந்தவர்களின் தோலில் சின்ன வெட்டுக் காயம் போட்டு, ஆறுவதைக் கவனித்தார்கள். 2003-ல் வெளியான முடிவு: புகைப்பவர்களின் காயங்களில் 12 சதவீதம் சீழ் பிடித்தன, ஒருநாளும் புகைக்காதவர்களிடம் 2 சதவீதம்தான். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு 4 வாரம் கழித்துப் போட்ட காயங்கள் சீழ் பிடிப்பது நன்றாகவே குறைந்துவிட்டது. ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாலேயே நிறுத்து என்று டாக்டர்கள் சொல்வது இதை வைத்துத்தான். 68 வயதில் இனி விட்டு என்ன ஆகப் போகிறது என்று மாமா கேட்டால் இதைச் சொல்லுங்கள். நுரையீரல் கணக்கு வருஷங்களில். தோலின் கணக்கு வாரங்களில். ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும்.

இப்போது, எப்படிச் சொல்வது. நீங்கள் சொல்ல வேண்டாம். மருமகள் சொன்னால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், வீட்டை விட்டு வெளியே போ என்ற மாதிரி அவர் காதில் விழும். பேரனைக் காட்டிச் சொன்னால் இன்னும் மோசம். பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டு, மனசு உடைந்து தனியாக உட்கார்ந்து இன்னும் இரண்டு பீடி கூடுதலாகக் குடிப்பார். வார்டில் எத்தனையோ தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர்தான் பேச வேண்டும். வெறும் கையோடு போய்ப் பேசவும் கூடாது. டீக்கடையில் சிகரெட் பிடித்துவிட்டு வந்து, அப்பாவிடம் பீடியை விடு என்றால் அது நிற்காது. "அப்பா, நான் சிகரெட்டை விடப் போகிறேன், நீங்களும் கூட வாங்க, காலைக் காட்டி வைத்தியம் பார்ப்போம், பேரனுக்கும் நல்லது" என்று அவர் சொல்லட்டும். டாக்டரிடமும் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்கட்டும். பீடி ஆசையை அடக்க நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை எல்லாம் இருக்கிறது. மாமாவுக்குக் காலில் அடைப்பு இருந்தால் எது, எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், மருந்துக் கடையில் கேட்டு நீங்களாக வாங்க வேண்டாம்.

அவர் முழுதாக விடுகிற வரைக்கும் பீடி தெருவில்தான், திண்ணையில் இல்லை. வந்ததும் கை கழுவி, வேறு சட்டை, வேறு துண்டு. அதற்குப் பிறகு பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளட்டும். அந்த மடி இரண்டு பேருக்குமே வேண்டும்.


பொதிகைச்சாரல் எழுதியது:

நான் தென்காசிப் பக்கம். எங்கள் அம்மா, பெரியம்மா எல்லோரும் பீடி சுற்றியவர்கள். ஈர இலையைக் கத்தரியால் நறுக்கி, மடியில் சுளகை வைத்துத் தூளை நிரப்பிச் சுற்றுவார்கள். ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனாலும் புகையிலைத் தூள் விரல் வழியாகவே உடம்பில் ஏறும். புதிதாகச் சுற்ற வரும் பிள்ளைகளுக்குத் தலை சுற்றலும் வாந்தியும் வரும், பழகிவிடும் என்பார்கள். அம்மாவின் விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரில் அதை ஒரு நோயாகவே யாரும் எண்ணவில்லை. சுளகுக்குப் பக்கத்தில்தான் தொட்டிலும் தொங்கும். மல்லிகை, உங்கள் தெருவில் யாராவது வீட்டில் சுற்றினால் பிள்ளையை அந்தத் தூளுக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

அக்கா காலைப் பற்றி எழுதியதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். என் சித்தப்பாவுக்குச் சுகர் கிடையாது, நாற்பது வயதுகூட ஆகவில்லை. கால் விரல் நுனி நீலம் பாரித்து, பிறகு கறுத்தது. கை கால் ரத்தக் குழாய்கள் அழற்சியாகி அடைத்துக்கொள்ளும் பர்ஜர் நோய் என்றார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள். பீடியை விட்டால்தான் மீதி நிற்கும் என்று டாக்டர் சொன்னார். விட்டார். மீதி விரல்கள் இன்றைக்கும் இருக்கின்றன, தோட்டத்துக்கு நடந்தே போகிறார்.


வார்டு அக்கா எழுதியது:

பொதிகை, உங்கள் அம்மாவின் கை நல்ல கைக்களிம்பும் கையுறையும் பார்க்காமலே போனது எனக்கு மனசைப் பிசைகிறது. இன்னும் சுற்றுகிறார்கள் என்றால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். தூள் ஒட்டிய சேலையோடு பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று இளம் தாய்மார்களிடம் சொல்லுங்கள்.

பர்ஜர் நோயைப் பற்றிச் சரியாகச் சொன்னார்கள். 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற டாக்டர் விவரித்த நோய் அது. புகையிலை இல்லாமல் அந்த நோய் வருவது அபூர்வம். எங்கள் வார்டில் வந்தவர்கள் எல்லோரும் பீடி குடித்த இளவயது ஆண்கள். மருந்து எத்தனை கொடுத்தாலும், விட்டவருக்கு நின்றது, விடாதவருக்கு அடுத்த விரல் போனது. உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க் கொப்புளமாக வரும் இன்னொரு நோயும் அப்படித்தான், வருகிறவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்களாக இருப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகைத்தால் மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை. தோல் டாக்டர் புகையைப் பற்றிக் கேட்டால், சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று யாரும் நினைக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

அக்கா, கணவர் நேற்று ராத்திரி திண்ணையில் மாமாவோடு உட்கார்ந்து பேசினார். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். பீடியை விடுகிறேன் என்று மாமா சொல்லவில்லை. "காலைக் காட்டுவோம், டாக்டர் சொன்னால் பார்க்கலாம்" என்றாராம். கணவர் தன் சிகரெட் பாக்கெட்டை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நாளைக் காலை ஓ.பி.க்குப் போகிறோம், கணவர் லீவு போட்டிருக்கிறார். மாமாவை வெறும் வயிற்றில் அழைத்துப் போக வேண்டுமா?


வார்டு அக்கா எழுதியது:

ஆமாம், வெறும் வயிற்றில் போங்கள், தண்ணீர் குடிக்கலாம். சுகர் மாத்திரையை வீட்டில் போட வேண்டாம், கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்ததும் உடனே சாப்பிட வைத்து மாத்திரையைக் கொடுங்கள். அதற்கு முன்னால் தலை சுற்றல், வியர்வை, நடுக்கம் வந்தால் காத்திருக்காமல் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அங்கிருக்கும் நர்ஸிடம் சொல்லுங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரையும் பையில் இருக்கட்டும். காயம் எப்போது பட்டது, எவ்வளவு தூரம் நடந்தால் கால் இழுக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும்போது மாமா குறைத்துச் சொல்லக்கூடும். வரிசையில் நிற்க வைக்காதீர்கள், வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள்.